கழி என்னும் வினைச்சொல்லும் வாளையாற்றுச் சோதனைச்சாவடியும்: ஓர் ஆய்வு

அயல்மொழி பேசப் போய் அவதிப்பட்டோரைப் பற்றி இதுவரை எழுதிய அறிஞர்கள் அனைவரும் முதல் சொல்லிலேயே சறுக்கிவிட்டனர். அயல் என்றால் வெளிநாடு என்று கொண்டனர். அயல் என்பது பக்கத்து வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் முருங்கைமரம் வைத்து, இந்தப்பக்கம் கம்பளிப்பூச்சி அனுப்புகிறவர் எவரோ அவரே அயலார். ஆகவே அயல்மொழியாவது சீனமும் செக்கும் அன்று; மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்க.

இதற்கு நூற்பா உண்டோ எனின், இல்லை. ஆகவே யாமே செய்தோம்:

அயலே பிழைக்கு விளைநிலம் என்ப.

‘என்ப’ என்றது யாரை எனின், எம்மை. இதன் பொருள்: சீனம் கேட்டால் ஒன்றும் புரியாது. புரியாதவன் வாயை மூடிக்கொண்டு விரலைக் காட்டிப் பிழைத்துக்கொள்வான். மலையாளம் கேட்டால் முக்கால்வாசி புரியும். ஆபத்து அந்த முக்காலில் இருக்கிறது. மனஸ்தாபம் பங்காளிகளுக்குள் வருமேயன்றி வழிப்போக்கனோடு வராது (காண்க: எம் பெரியப்பா, வரப்புத் தகராறு, பல தொகுதிகள்).

1928இல் கோஸ்லர், தெரோக்கிஞி என்ற இருவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் முகம் ஒத்துப் பொருள் மாறும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குப் ‘போலி நண்பர்கள்’ என்று பெயரிட்டனர். அங்கே நண்பர்களாக இருக்கலாம். இங்கே சம்பந்திகள்.

அவசரம்: நமக்கும் கன்னடருக்கும் அவசரமே. தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. ஆகவே ஒரு மலையாளி ‘ஒரு அவசரம் தரூ’ என்று கெஞ்சினால் கழிப்பறைக்கு வழி காட்டலாகாது.

வெள்ளம்: மலையாளத்தில் தாகத்துக்குக் கேட்பது. சென்னையில் 2015 டிசம்பரில் கேட்காமலே வந்தது.

சிக்ஷா: இந்தியில் கல்வி, மலையாளத்திலும் கன்னடத்திலும் தண்டனை. இரண்டும் ஒன்றே என்பதற்குப் பள்ளிக்கூடம் போன எவரும் சாட்சி.

உபன்யாசம்: இந்தியில் நாவல். தூக்கம் பொது.

இவ்விடத்தில் கொரியத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் சான்றோர் கோபிப்பர். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதிவிட்டார். கொரியத்திலும் புல் என்றால் புல், அப்பா என்றால் அப்பா. இப்படி ஐந்து சொல் கையில் சிக்கினால் உடனே இங்கிருந்து ஓர் இளவரசியைக் கப்பலேற்றிக் கொரியாவுக்கு வழியனுப்பிவிடும் வழக்கம் நம் ஆய்வாளர்களிடம் உண்டு. அதே கொரியத்தில் ‘முல்’ என்றால் தண்ணீர், ‘மண்டு’ என்றால் கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம் என்பதை மட்டும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஒத்துப்போகாத சொற்களை எண்ணுகிறவனுக்கு அடுத்த மாநாட்டுக்கு அழைப்பு வராது.

இனி, கழி.

மலையாளத்தில் ‘ஊணு கழிச்சோ’ என்றால் சாப்பிட்டாயா. ‘கல்யாணம் கழிச்சோ’ என்றால் கல்யாணம் செய்துகொண்டாயா. தமிழில் கழிப்பது எதை என்பது உலகறிந்தது. கணக்கு வாத்தியார் மட்டும் எண்களைக் கழிப்பார். வேர் ஒன்றே, கடந்துபோதல் என்பது அதன் பொருள். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி பெருஞ்சாதனைதான். ஆனால் ஒருவர் ஆக்ஸ்போர்டிலும் மற்றவர் பெர்க்லியிலும் இருந்து செய்ததால், கோவை–பாலக்காடு சாலையில் வாளையாற்றுச் சோதனைச்சாவடி எங்கே நிற்கிறது என்பதைக் கவனியாமல் விட்டனர்.

கவனித்தது யாம். சோதனைச்சாவடிக்கு மேற்கே உணவு உள்ளே போகும்போது கழிகிறது. கிழக்கே வெளியே வரும்போது கழிகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வினைச்சொல் கூடவே நடந்து வருகிறது. ஆகவே இரு மொழியும் ஓருடம்பாக இருந்த காலத்தில் வாய் சேரநாட்டிலும், குடல் பாலக்காட்டுக் கணவாயிலும், எஞ்சிய உறுப்பு கொங்குநாட்டிலும் அமைந்திருந்தன என்பது பெறப்படும். கணவாய் என்ற சொல்லுக்குள்ளேயே ‘வாய்’ இருப்பதைக் காண்க. கோயம்புத்தூர் அன்பர்கள் பொறுத்தருள்க, ஆய்வு இழுக்கிற பக்கம் போவது ஆய்வாளன் கடமை (காண்க: எம் மாமா, ‘வாயும் வழியும்’, திண்ணைப் பேருரை, திருத்திய பதிப்பு, மாமி காபி கொடுத்த பின், மூன்றாம் பதிப்பு, மாமி வந்து உட்கார்ந்ததால் பாதியில் நின்றது, மறுப்புரை, மாமி).

இதன் கிளை ஒன்று: மலையாளத்தில் கழிவு என்றால் திறமை. ‘நல்ல கழிவுள்ள ஆள்’ என்று ஒரு பேராசிரியரைப் புகழ்ந்தால் அங்கே பொன்னாடை, இங்கே மானநஷ்ட வழக்கு. இரண்டு பொருளும் ஒரே ஆளிடம் பொருந்தியிருக்கக் கருத்தரங்குகளில் கண்டிருக்கிறோம்.

கள ஆய்வு பாலக்காட்டில் நடந்தது. நண்பனின் கல்யாணத்துக்கு முன்கூட்டியே போய் அவன் வீட்டு மாடியில் தங்கியிருந்தோம் (ஆள் ஒருவனே). புது இடம், புதுத் தண்ணீர். இரண்டு நாளாக வயிறு ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை படியிறங்கும்போது, கூடம் நிறைய உறவினர் உட்கார்ந்திருக்க, நண்பனின் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து உரக்கக் கேட்டார்:

“மோனே, கழிச்சோ?”

பெரியவர், அக்கறையில் கேட்கிறார், பொய் சொல்ல மனம் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, “இல்லம்மா, ரெண்டு நாளாச்சு” என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “ஈஸ்வரா! ரண்டு திவசமோ!”

(திவசம் அங்கே வெறும் நாள். இங்கே யாருக்குத் திவசம், அதுவும் இரண்டு, என்று பதறியது தனி ஆய்வுக்கு உரியது.)

கல்யாண வீட்டில் விருந்தாளி இரண்டு நாள் பட்டினி! மாப்பிள்ளைக்கு அங்கேயே திட்டு விழுந்தது. என்னை மணையில் உட்காரவைத்து, புட்டும் கடலைக்கறியும் வைத்து, மேலே ஆவியில் புழுங்கிய நேந்திரம்பழம் இரண்டை உரித்துப் போட்டார். வைத்தியம் என்றே நம்பினேன். “இதச் சாப்பிட்டா சரியாயிடுமாம்மா?” என்றேன். “எல்லாம் சரியாவும்” என்றார், கண் கலங்க.

மறுநாள் கல்யாணம். விடியற்காலை பின்கட்டுக்கும் போய்வந்து, பந்தியிலும் உட்கார்ந்து எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் அம்மா வழிமறித்தார்.

“கழிச்சோ?”

“கழிச்சேம்மா” என்றேன், இரண்டு மொழிக்கும் சேர்த்து.