கீழ்த்தளத்து வாடகை

ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் எடுத்த எடுப்பிலேயே பீற்றிக்கொள்வது, காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததை. அந்த இடம் திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவை அடுத்த வலியசாலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆயிரம் வருஷமாயிற்று. அறுத்தது கப்பலையா, சோற்றுப் பாத்திரத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அறுபட்டவர்கள் பதிலுக்கு ஒரு கல் வெட்டி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். வெட்டவில்லை. கல் வெட்டினவன் பேர் நின்றது.

நோபல் பரிசும் மெய்க்கீர்த்திதான். கல்லுக்குப் பதில் தங்கம், சோழருக்குப் பதில் ஸ்வீடன்காரர்.

முந்திக் கல் வெட்டும் சூட்சுமம் தெரிந்தவர் சி.வி. ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் தன் பெயர் தாங்கப்போகும் விளைவைப் பார்த்தார். மறுநாள் நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் 29. அதையும் வீணாக்காமல் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்கும் மண்டல்ஷ்டாமும் ஒரு வாரம் முன்பே அதே சங்கதியைப் படிகத்தில் கண்டுவிட்டு, ஆற அமர எழுதிக்கொண்டிருந்தார்கள். நம்மவர் 1930இல், பரிசை அறிவிக்கும் முன்பே கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். பரிசும் ஒழுங்காகக் கப்பலேறி வந்தது.

சூட்சுமம் தெரியாதவர் கோட்டயத்துப் பள்ளத்தில் 1931இல் பிறந்த ஈ.சி.ஜி. சுதர்சன். 1957இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மாணவர். அணுக்கருவுக்குள் ஒரு நோஞ்சான் விசை உண்டு. அது நடந்துகொள்ளும் விதத்தை ‘வி மைனஸ் ஏ’ என்று ஒரே வாய்ப்பாட்டில் அடக்கிவிட்டார். ஏப்ரலில் ராச்செஸ்டரிலேயே பெரிய மாநாடு. பையன் பேசக்கூடாது. பேசக்கூடிய குரு மார்ஷக் வேறு தலைப்பில் பேசினார். கோடையில் கலிபோர்னியா போய், அதே துறை இயற்பியலாளர் கெல்மானிடமே இருவரும் விளக்கினார்கள். சாலைக் கம்போளத்தில் வியாபாரம் பழகிய எந்தப் பையனும், அடுத்த கடைக்காரரிடம் கொள்முதல் சிட்டையை இப்படி விரித்துக் காட்டமாட்டான்.

செப்டம்பரில் இத்தாலி மாநாட்டில் இருவரின் கட்டுரையை மார்ஷக் வாசித்தார். மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வெளிவருவதற்குள் 1958 பிறந்துவிட்டது. ஜனவரியிலேயே கெல்மானும் சக இயற்பியலாளர் ஃபெயின்மனும் அதே சரக்கைப் பெரிய கடையில் பரப்பிவிட்டார்கள். ஃபெயின்மன் பின்னாளில் நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்: கண்டுபிடித்தது சுதர்சனும் மார்ஷக்கும், விளம்பரம் செய்தது நாங்கள். 1979இல் அந்த விசையை மின்காந்தத்தோடு சேர்த்துவைத்ததற்கு கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவருக்கும் நோபல். பெண்ணைப் பெற்றவரை விட்டுவிட்டுத் தரகர்களுக்கு மட்டும் கல்யாணப் பந்தி.

சுதர்சன் சோர்ந்துவிடவில்லை, ஒளிப் பக்கம் போனார். 1963இல், எந்த ஒளிக்கற்றையையும் குவாண்டம் கணக்கில் எழுத ஒரு வழி சொன்னார். இயற்பியலாளர் ராய் கிளாபர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அதே வழிக்கு ‘பி உருவகம்’ என்று பெயர் வைத்துப் புழங்கினார். சாக்கை மாற்றினால் சரக்கு மாறிவிடும் என்பது சாலையில் செல்லாத சித்தாந்தம். ஸ்டாக்ஹோமில் செல்லும்: 2005இல் ஒளியின் குவாண்டம் கோட்பாட்டுக்காகப் பாதிப் பரிசு கிளாபருக்கு. இம்முறை சுதர்சன் கமிட்டிக்கே கடிதம் எழுதினார். கொடுத்த பரிசைத் திருப்பி வாங்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. 2018இல் டெக்ஸாஸில் சுதர்சன் காலமானார்.

ஒருமுறை நொந்துபோய் அவர் கேட்டது இதுதான்: கட்டிடத்துக்குப் பரிசு என்றால், முதல் தளம் கட்டினவனை விட்டுவிட்டு இரண்டாம் தளம் கட்டினவனுக்கா கொடுப்பீர்கள்?

பெரிய பெரிய பேராசிரியர்களுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. சாலையில் கடை பிடிக்க அலைந்தவனைக் கேட்டிருக்கலாம். கீழ்த்தளக் கடைக்குத்தான் அட்வான்ஸும் வாடகையும் அதிகம். மாடியில் கிடப்பது குடோன்.