கடைசி பஸ்ஸும் ஜேம்ஸ் பொண்டும்

அடேய் பொடியள், மூண்டு நாளாய் மதவடியிலை நீங்கள் பிடிக்கிற சண்டையை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். மதகுக்கும் எங்கடை விறாந்தைக்கும் நடுவிலை ஒரு பூவரசுதான் நிக்குது. ஒருத்தன் ஸ்கைஃபோல்தான் படம் எண்டுறான். மற்றவன் கசினோ ரோயல் எண்டுறான். லண்டனிலை இருந்து லீவிலை வந்து நிக்கிற பொடியன் கட்டைக் காற்சட்டையோடை இரண்டு பேருக்கும் சேத்து வகுப்பு எடுக்கிறான். நேற்றிரவு கதை முத்தி ஆரோ ஆரின்ரையோ சேட்டுக் கொலரிலை பிடிச்சதும் கேட்டது. எனக்கெண்டால் நல்ல சந்தோசம். முந்தி உந்த மதவடியிலை காணி எல்லைக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் கொலரிலை பிடிச்சவை. இப்ப வெள்ளைக்காரனுக்காகப் பிடிக்கிறியள். ஊர் முன்னேறீட்டுது.

சரி, தீர்ப்புச் சொல்ல ஒரு ஆள் வேணுமெல்லே? என்னை விட்டால் சண்டிலிப்பாயிலை வேறை ஆள் இல்லை. ஏனெண்டால் உந்தப் படங்களிலை ஒண்டின்ரை முடிவையும் நான் பாத்ததில்லை. சிரியாதேங்கோ. முடிவு பாத்தவனுக்குப் பக்கச்சார்பு வந்திடும்.

என்ரை வயசிலை யாழ்ப்பாண ரவுணுக்கு இங்கிலிசுப் படம் பாக்கப் போறதெண்டால் றீகல்தான். எங்கையோ ஓடி முடிஞ்ச படம், நாலைஞ்சு வருஷம் செண்டு, மழை பெய்யிற பிறின்ராய் எங்களிட்டை வந்து சேரும். பின்னேரக் காட்சிக்குப் போவன். ஆனால் படம் முடியிற நேரத்துக்கும் மானிப்பாயாலை வாற கடைசி பஸ்ஸின்ரை நேரத்துக்கும் ஒருநாளும் பொருத்தம் வாறேல்லை. கொண்டக்டருக்கு கோல்ட்ஃபிங்கரைத் தெரியாது. அந்தப் படத்திலை அணுகுண்டுப் பெட்டி திறந்து கிடக்கு, இலக்கம் இறங்கிக்கொண்டு போகுது, பொண்ட் வயரைப் பிடிச்சுக்கொண்டு முழுசுறார். நான் எழும்பி ஓடி பஸ் ஏறீட்டன். குண்டு வெடிச்சுதோ இல்லையோ எண்டு தெரியாமலே ஓட்டுமடம், ஆனைக்கோட்டை எல்லாம் தாண்டி வந்தன். அடுத்த படத்திலை ஆளைக் கண்ட பிறகுதான் நிம்மதி. இலக்கம் 007இலை வந்து நிண்டது எண்டு கன காலத்துக்குப் பிறகுதான் ஒருத்தன் சொன்னான். அதையும் நான் கேட்கேல்லை, அவனாய்ச் சொன்னவன்.

இனி உங்கடை ஆளின்ரை தொழிலைக் கொஞ்சம் யோசியுங்கோ. ஒற்றன். ஒற்றனெண்டால் பேரை மறைக்க வேணும். இவர் போற போற இடமெல்லாம் பேரை முறிச்சு இரண்டு தரம் சொல்லுறார். அதுவும் சொந்தப் பேரே? இவரை எழுதின இயன் ஃபிளெமிங், ஜமேக்காவிலை இருக்கேக்கை, மேற்கிந்தியப் பறவையளைப் பற்றி 1936இலை வந்த ஒரு புத்தகத்தின்ரை மட்டையிலை இருந்து எடுத்த பேர் அது. அசல் ஜேம்ஸ் பொண்ட் குருவி பாத்துக்கொண்டு திரிஞ்ச ஒரு ஆராய்ச்சிக்கார மனுசன். செண்பகம் பாக்கப் போனவரின்ரை பேரிலை இவர் சுட்டுக்கொண்டு திரியிறார்.

உப்பிடிப்பட்ட ஆள் எங்கடை சந்தியிலை பஸ்ஸாலை இறங்கினால் என்ன நடக்கும்? கல்வளைப் பிள்ளையார் கோயிலடிக்குப் போகமுன்னம் மூண்டு பேர் மறிப்பினம். 'தம்பி ஆற்றை பொடியன்?' 'பொண்டின்ரை.' 'எந்தப் பொண்ட்? கட்டுடைப் பக்கமோ, மாசியப்பிட்டிப் பக்கமோ? தாய் எவடம்?' நாலாவது கேள்வியோடை ஆள் லண்டனுக்கு ரிக்கற் போட்டிடும். வேலிக்குள்ளாலை பாத்து ஆற்றை வீட்டிலை இண்டைக்கு என்ன கறி எண்டு சொல்லுற எங்கடை ஆச்சிமாரை அந்த வேலைக்கு எடுத்திருந்தால் ரஷ்யாக்காரன் எப்பவோ கடையைப் பூட்டியிருப்பான்.

கசினோ ரோயல்காரனுக்கு ஒரு சொல்லு. அந்தப் படத்திலை அரைவாசி சீட்டு விளையாட்டு. எதிரிக்குக் கண்ணாலை இரத்தம் வடியுது. எங்கடை வாசிகசாலையிலை முந்நூற்றிநாலு விளையாடுறவையை நீ பாக்கேல்லையே? துரும்பு என்னெண்டு கண் இமையாலை கதைச்சிடுவினம், ஒரு சொட்டும் வடியாது. ஸ்கைஃபோல்காரன்ரை கட்சி கொஞ்சம் நியாயம். பொண்ட் ஸ்கொட்லண்டிலை இருக்கிற தன்ரை பழைய வளவுக்குப் போறார். போனால் காவலுக்கு நிக்கிற கிழவன் சொல்லுறான், 'நீ செத்துப்போனாய் எண்டு நினைச்சு வீட்டை வித்துப்போட்டினம்' எண்டு. அதை எங்கடை ஊரிலை ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தளவிலை நான் நித்திரை. வயசு போனால் கடைசி பஸ் தேவையில்லை, பத்து மணிக்கு நித்திரை வந்து கூட்டிக்கொண்டு போயிடும்.

ஷோன் கொனரிதான் அசல் எண்டு லண்டன் பொடியன் அடிச்சுச் சொல்லுறான். ஓம் ராசா. எடின்பரோவிலை வீடு வீடாய்ப் பால் போட்டுத் திரிஞ்ச ஆள், 1962இலை டொக்ரர் நோவிலை கோட்டுச் சூட்டோடை வந்து நிண்டார். அதுக்காகவே நான் எழும்பி நிண்டு கும்பிடுவன், நானும் மாடு வளத்தனான். ஆனால் நீ கையாலை கோதிக் கோதிக் காட்டுற அந்தத் தலைமயிர் இருக்கே, அது முதல் படத்திலையிருந்தே பொய்மயிர். 2005இலை டானியல் கிறேக்கை எடுத்த நேரம் 'ஐயோ செம்பட்டை மயிர்' எண்டு உலகம் முழுக்கக் கத்தினவை. செம்பட்டை எண்டாலும் சொந்த மயிரெல்லே.

ரோஜர் மூர் ஏழு படம். கடைசிப் படம் வரேக்கை அவருக்கு 57. எனக்கு அது பெரிய ஆறுதல். ஒக்ரோபசியிலை உதயப்பூரிலை ஓட்டோவிலை துரத்துப்பட்டுக்கொண்டு போவார், எங்கடை விஜய் அமிர்தராஜ் ரெனிஸ் மட்டையாலை ஆக்களுக்கு அடிப்பார். அது 1983இலை வந்த படம். 1983 எண்டால் எங்களுக்கு வேறை ஞாபகம், விடுங்கோ.

ஆனால் அந்த வருஷத்திலை ஒரு வழக்குக் கதை கிடக்கு, அதை விடேலாது. ஃபிளெமிங்கும் கெவின் மக்ளோரி எண்டொரு ஆளும் இன்னும் சிலரும் சேந்து ஒரு படக்கதை எழுதினவை. ஃபிளெமிங் அதைத் தனிய தன்ரை பேரிலை தண்டர்போல் எண்டு 1961இலை புத்தகமாய்ப் போட்டிட்டார். அதுதான், பங்குக் கிணத்திலை தனிய சூத்திரம் பூட்டின வேலை. மக்ளோரி கோட்டுக்குப் போனார். 1963இலை இணக்கம், படம் எடுக்கிற உரிமை அவருக்கு. பிறகும் அடங்கேல்லை. அந்த உரிமையை வைச்சுத்தான் 1983இலை கொனரியைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து போட்டிக்கு ஒரு பொண்ட் படம் வந்தது. ஒரே வருஷம் இரண்டு பொண்ட், ஒரே கோயிலுக்கு இரண்டு கொடியேத்தம் மாதிரி. மக்ளோரி செத்து, கடைசியிலை 2013இலைதான் குடும்பத்தாக்கள் உரிமையை எழுதிக் குடுத்தவை. அம்பத்திரண்டு வருஷம்! மல்லாகம் கோட்டிலை வேலிக் கதியாலுக்கு வழக்காடின என்ரை குஞ்சியப்பு இதைக் கேட்டிருந்தால் அந்த மனுசனுக்குப் பொன்னாடை போத்தியிருப்பார். மற்றப் பக்கம் புறக்கோலி எண்ட மரக்கறிப் பேர்க் குடும்பம், 1962 தொடக்கம் தகப்பன், பிறகு மகள் எண்டு பரம்பரை முகாமையாய் நடத்தினவை. அவையும் 2025இலை திறப்புக்கோர்வையை அமேசனிட்டைக் குடுத்திட்டினம். கோயிலை அரசாங்கம் எடுக்கப்போகுது எண்டு கதை வந்தால் நாங்கள் எவ்வளவு துள்ளுவம்!

ஜெய்சங்கரை மறந்திட்டன் எண்டு நினையாதேங்கோ. என்ரை மச்சான் ஒருத்தன் அந்தக் கட்சி. 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' எண்டு நெஞ்சிலை தட்டுவான். சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் 1966இலை எடுத்த வல்லவன் ஒருவனை எத்தினை தரம் பாத்தான் எண்டு கணக்கில்லை. அந்தக் கதை பொண்டிட்டை எடுத்ததில்லை மச்சான், ஓ.எஸ்.எஸ். 117 எண்டொரு பிரெஞ்சு ஒற்றன் கதையிலை இருந்து எடுத்தது எண்டு நான் சொல்ல, மூண்டு மாசம் என்னோடை கதைக்கேல்லை. அதுக்குமேலை இன்னுமொண்டு சொல்லியிருந்தால் சம்பந்தமே முறிஞ்சிருக்கும். அந்த 117 புத்தகத்திலை வந்தது 1949. உங்கடை 007 வந்தது 1953. தம்பிதான் உலகம் சுத்தினவர், தமையன் பாரிசிலை இருந்திட்டார். பேந்து எம்ஜிஆருக்கு 115, தெலுங்குக் கிருஷ்ணாவுக்கு 116, கன்னட ராஜ்குமாருக்கு 999. ஏதோ சங்கக்கடையிலை கூப்பன் இலக்கம் குடுத்த மாதிரி.

இனித்தான் தீர்ப்பு.

ஒஸ்ரேலியாக்காரன் ஒருத்தன் இருந்தான், லேசன்பி எண்டு. சொக்கிளேற் விளம்பரத்திலை நடிச்சவன், ஒரேயொரு பொண்ட் படம்தான். ஒன் ஹேர் மஜெஸ்ரீஸ் சீக்ரெட் சேர்விஸ், 1969இலை வந்தது. அது றீகலுக்கு வரேக்கை எனக்குப் புது மீசை. அந்தப் படத்திலை பொண்டுக்குக் கலியாணம் நடக்குது. போர்த்துக்கலிலை பெரிய வளவு, பூ, சனம், பொம்பிளை வடிவெண்டால் அப்பிடியொரு வடிவு. நான் மணிக்கூட்டைப் பாத்தன். கலியாணம் முடிஞ்சால் படம் முடிஞ்சுது, 'சுபம்' போடப் போறாங்கள். எங்கடை படமெல்லாம் அப்பிடித்தானே? எழும்பி வந்திட்டன். பஸ்ஸிலை இருந்து ஊர் முழுக்கச் சொன்னன், ஜேம்ஸ் பொண்ட் ஒரு வழியாய்க் கலியாணம் கட்டிட்டார், இனிப் பொறுப்பு வந்திடும் எண்டு.

பாத்தால் அடுத்த படத்திலை கொனரி திரும்பி வந்து வேறை பெட்டையளோடை! பிறகு ரோஜர் மூர், அவர் அதுக்கும் மேலை. எனக்குக் கொதி எண்டால் கொதி. கட்டின மனுசி அங்கை சோத்தைப் போட்டு மூடி வைச்சுக்கொண்டு இருக்கும், இவர் இஞ்சை கட்டில் கட்டிலாய்த் திரியிறார். வாசிகசாலையிலை எத்தினை பேரோடை உதுக்குச் சண்டை பிடிச்சன்! 'ஆள் மாறினால் மனுசியும் மாறுமோடா?' எண்டு கேட்பன். பதில் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்லை. எல்லாரும் அதே கடைசி பஸ்ஸிலை வந்தவங்கள்தான்.

பேந்து எண்பதுகளிலை ரி.வி டெக் வாடகைக்கு எடுத்துப் பாக்கிற காலம் வந்தது. ஒரு இரவுக்கு நாலு படம். முதல் சாமிப் படம், பிறகு எம்ஜிஆர், பிறகு சிவாஜி. ஆச்சிமார் எல்லாரும் சரிஞ்ச பிறகு விடியப்புறம் இங்கிலிசுப் படம். அண்டைக்குப் போட்டது ஃபோர் யுவர் ஐஸ் ஒன்லி. தொடக்கத்திலை ரோஜர் மூர் பூக்கொத்தோடை ஒரு சேமக்காலைக்குப் போறார். கல்லிலை எழுதிக் கிடக்கு, தெரேசா பொண்ட், 1943 தொடக்கம் 1969. ஜேம்ஸ் பொண்டின்ரை அன்பு மனைவியாம்.

எனக்கு நெஞ்சு 'திக்' எண்டுது. பக்கத்திலை நிண்ட பொடியன்தான் சொன்னான். கலியாணம் முடிஞ்சு போற வழியிலை, காரிலை கட்டின பூவைக் கழட்ட நிப்பாட்டின இடத்திலை, சுட்டுப் போட்டாங்களாம். நான் பஸ்ஸுக்கு ஓடின அந்த நேரத்திலை! செத்தவீட்டுக்குப் போகாட்டில் அந்தியேட்டிக்கெண்டாலும் போகவேணும் எண்டு சொல்லுறவை. இது அந்தியேட்டி முடிஞ்சு, பன்னிரண்டு திவசமும் முடிஞ்சு, எனக்கு இப்பதான் செய்தி. மனுசியைப் பறிகுடுத்த மனுசனைச் சந்தி சந்தியாய்ப் பேசித் திரிஞ்சிருக்கிறன். ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கேல்லை. ஆரிட்டைப் போய்த் துக்கம் விசாரிக்கிறது? அந்தப் படமும் முடியமுன்னம் விடிஞ்சிட்டுது, டெக்கைக் கொண்டுபோய்க் குடுக்கவேண்டியதாய்ப் போச்சு.

அதாலை நான் சொல்லுறன், லேசன்பியின்ரை படம்தான் படம். தாலி கட்டினவன் அவன் ஒருத்தன்தான். மேன்முறையீடு கிடையாது.

பிறகு 1990 தொடக்கம் கரண்டும் இல்லை, படமும் இல்லை. கோல்டன்ஐயிலை பியர்ஸ் புரோஸ்னன் சுவிஸ் அணைக்கட்டின்ரை உச்சியிலை இருந்து கயித்தைக் கட்டிக்கொண்டு குதிச்சது 1995 நவம்பரிலை. நாங்கள் அந்த ஒக்ரோபர் 30 இரவே சட்டி பானையோடை நாவற்குழிப் பாலத்தாலை தென்மராட்சிக்கு ஊர்ந்து போனனாங்கள், கயிறு இல்லாமல்.

கடைசியாய் 2021இலை வந்த நோ ரைம் ரு டையை என்ரை பேத்தி கொம்பியூட்டரிலை போட்டுக் காட்டினாள். 163 நிமிசம். 'அப்பப்பா, இண்டைக்கு நீங்கள் முடிவு பாக்கத்தான் வேணும்' எண்டு கதிரைக்குப் பக்கத்திலை தேத்தண்ணியோடை காவல் இருந்தாள். ஆளுக்கு இப்ப ஒரு குழந்தைப்பிள்ளையும் கிடக்கு. அவர் ஒரு தீவிலை தனிய நிக்கிறார், கப்பலிலை இருந்து ஏவுகணை வெளிக்கிட்டிட்டுது, பேத்தி என்ரை முகத்தைத் திரும்பிப் பாத்தாள். அவள் பாத்த பார்வையிலை எனக்கு விசயம் மணந்தது.

'பிள்ளை, ஆட்டுக்குக் குழை ஒடிக்க மறந்துபோனன்' எண்டு கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வளவுக்குள்ளை இறங்கீட்டன். பின்னாலை நிண்டு கூப்பிட்டாள். எனக்குக் காது கேட்கேல்லை.

என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது, முந்தியும் ஏழு செக்கன் கிடக்கேக்கை விட்டிட்டு வந்தனான். நீங்கள் மதவடியிலை எந்தப் படத்துக்கும் கொலரிலை பிடியுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். அந்தப் படத்தின்ரை முடிவைக் கதைக்கிறதெண்டால் மட்டும் கொஞ்சம் மெதுவாய்க் கதையுங்கோ. நடுவிலை பூவரசு ஒண்டுதான் நிக்குது.