பெரட்டுக்களத்துச் சம்மதம்

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் வளர்ந்த காலத்தில், மாரியம்மன் திருவிழா வரியைச் சம்பள நாளன்றே வாங்கிவிடுவார்கள். கிராணி பணத்தை எண்ணிக் கொடுப்பார். அடுத்த நாற்காலியில் கோயில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கங்காணி உட்கார்ந்திருப்பார். எங்கள் லயத்தில் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்துவ, குடும்பம் இருந்தது. அந்த அம்மாவும் ஆண்டு தவறாமல் கொடுத்தார். யாரும் அவரை மிரட்டியதில்லை. ஆனால் மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் அவருக்குப் பால் நிறைய வரும் நெரையா, மேட்டுக்காட்டு நெரையா என்று பிரித்துக் கொடுக்கப்போகிறவர் அதே கங்காணிதான்.

மத வற்புறுத்தலுக்கு இலக்கணம் எழுத முற்படுபவர் அந்தச் சம்பள மேசையிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். என்ன கேட்கப்பட்டது என்பது இரண்டாவது கேள்வி. கேட்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதே முதலாவது. பக்கத்து வீட்டுக்காரர் தீமிதிக்குக் கூப்பிட்டால் அது அழைப்பு. போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது என்று இருவருக்கும் தெரியும். நம் சம்பளத்தை எழுதுகிறவர் அதே சொற்களில் கூப்பிடும்போது அந்தத் தெரிதல் இல்லாமல் போகிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்தவை தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நாற்காலியில் வாங்கிக்கொண்டால், பிடித்தம் என்று அதை யார் சொல்வது?

பிள்ளைகள் விஷயத்தில் கூட்டரசு அரசமைப்பு தெளிவாகவே பேசுகிறது. தன் மதமல்லாத மதத்தின் போதனையைக் கேட்கவோ, அதன் சடங்கிலும் வழிபாட்டிலும் சேரவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் பிரிவு 12(3). 18 வயது நிரம்பாதவரின் மதத்தை யார் முடிவு செய்வது என்பது 12(4). அங்கே ஆங்கில மூலத்தில் இருப்பது 'பேரண்ட்' என்ற ஒருமைச் சொல். அந்த ஒருமை ஒரு தாயை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. 2009இல் ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 11 மாதக் கைக்குழந்தையைக் கொண்டுபோய்விட்டார். ஒருவர் சம்மதம் போதுமா, இருவர் சம்மதமும் வேண்டுமா என்ற கேள்வி 2018 ஜனவரி 29 அன்றுதான் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. இருவரும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். தமிழில் பெற்றோர் என்பது பலர்பால். தாயும் தந்தையும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் நிரம்பும். தீர்ப்பு வந்த நாளிலும் அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை.

இந்த அநியாயத்தைப் பற்றி நாம் குரல் உயர்த்தியது சரி. அதே 12(3) நம் தமிழ்ப்பள்ளித் திடலுக்கும் பொருந்தும் என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். இலவச டியூஷன் முடிந்ததும் ஜெபத்துக்கு உட்கார வைக்கப்படும் இந்துப் பிள்ளைக்காகப் பொங்குகிறோம். வாரக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது வரிசையில் நிற்கும் கிறிஸ்துவப் பிள்ளையை மறந்துவிடுகிறோம். ஓட்டப் பந்தயக் குழுவுக்கு ஆள் எடுப்பவரும், மதிப்பெண் போடுபவரும், பாட்டைத் தொடங்கி வைப்பவரும் ஒரே ஆசிரியர் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கேரளத்தில் 1985இல் தேசிய கீதம் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள்; பாடவில்லையே தவிர, மரியாதையாக எழுந்து நின்றவர்கள். அடுத்த ஆண்டே இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. வாய் மூடி நிற்க ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளித் திடல் ஞாபகம் வந்தது.

அந்த வேதக்கார அம்மாவின் மகன் என் வகுப்பில்தான் படித்தான். தேவாரத்தின்போது என் பக்கத்தில் நின்று வாயசைப்பான், சத்தம் வராது. எனக்குத் தெரியும். ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும். அவர் ஒரு நாளும் அவனை அதட்டியதில்லை. வாயசைக்க வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.