துணைக்கு வரும் அத்தை

கல்யாணப் புடவை எடுக்கப் போகிற வீட்டில் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள். அடுத்து அத்தைக்குப் போன் போடுவார்கள். நாள் சரியில்லை என்றால் வேறு நாள் குறித்துவிடலாம். அத்தைக்குத் தோதுப்படவில்லை என்றால் பஞ்சாங்கத்தைத்தான் மறுபடி புரட்ட வேண்டும்.

உறவுமுறைப்படி அவர் அத்தையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சில வீடுகளில் சித்தி, சில வீடுகளில் எதிர் ஃப்ளாட் மாமி. துணி எடுக்கத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்தால், எப்போதோ ஒரு வளைகாப்புக்கு அவர் எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவை இன்றுவரை சாயம் போகவில்லை என்பார்கள். அந்தப் புடவை அன்றைக்குப் பிறகு பீரோவை விட்டு வெளியே வந்ததே இல்லை என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தி.நகர் உஸ்மான் சாலையில் ஏதாவது ஒரு கடையின் பட்டு மாடியில் போய் நின்று பாருங்கள். கல்யாணப் பெண் ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். பணப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவளுடைய அம்மா இருப்பார். நடு ஸ்டூலில் அத்தை.

"வாங்கம்மா, என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை அவர் கையைக் கிள்ளிவிடுவார். "விலையைச் சொல்லாதே. சொன்னா அதுக்கு மேலதான் எடுத்துப் போடுவான்." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "நீ காட்டுப்பா, புடிச்சா எடுக்கறோம்."

அனுபவப்பட்ட விற்பனையாளருக்கு இது போதும். இந்தக் கூட்டத்தில் நீதிபதி யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கல்யாணப் பெண்ணின் பக்கம் திரும்புவதே இல்லை. ஒவ்வொரு புடவையும் அத்தையின் மடியை நோக்கித்தான் விரியும். தேவைப்பட்டால் மீசையும் தானுமாக எழுந்து நின்று, தன் தோளிலேயே முந்தானையைப் போட்டு, இடுப்பில் கொசுவமும் வைத்துக் காட்டுவார். உள்ளபடி சொன்னால் பாதிப் புடவைகள் அவருக்குத்தான் எடுப்பாக இருக்கும். அத்தையும் அதை மறுக்க மாட்டார். "உனக்கு நல்லாத்தான் இருக்கு. அவ குள்ளம், இவ்ளோ பெரிய கரை தாங்காது."

அடுத்தது நிறம். "எம்.எஸ். நீலம் இருக்கா?" என்று கேட்பார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்த நீலத்தைக் கடைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவான். அம்மையார் பாடிய ஒரு பாட்டை அவன் கேட்டிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லை. இதுல கொஞ்சம் பச்சை அடிக்கணும்" என்பார். பச்சை அடிப்பதைக் கொண்டுவந்தால், "இது மயில் கழுத்து இல்லே?"

பிறகு புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்புவார். கடை விளக்கில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் பணம் கட்டாத பட்டுப்புடவையோடு ஒருவர் வாசலை நோக்கி நடக்கும்போது காவலாளியின் முகம் போகிற போக்கையும், பின்னாலேயே ஓடிவரும் விற்பனைப் பெண்ணையும் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கும் வாசலுக்குப் போவார். தெருவிளக்கு பகலுக்குச் சமம்.

இவரை ஒரேயடியாகக் கேலி செய்ய முடியாது. அதுதான் சங்கடம். பட்டு விஷயத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும். புடவையைப் புரட்டி உள்பக்கத்தைத் தடவி, "கோர்வையா?" என்பார். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் ஓட்டி, தறியிலேயே ஒன்றோடொன்று கோத்து நெய்வது கோர்வை. ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும், அதனால்தான் அந்த விலை. விற்பனையாளர் பலமாகத் தலையாட்டுவார். "இல்லை" என்று அத்தை சொல்வார். இல்லைதான். ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிகிறதா என்று பார்ப்பார். 2004 முதல் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதே என்று கடைக்காரர் அட்டையைக் காட்டினால், "அட்டையையா கட்டிக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு நூலை உருவி, "தீப்பெட்டி இருக்கா?" என்பார். பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும், பாலியெஸ்டர் என்றால் உருகி உருண்டையாகிவிடும். உண்மைதான். ஆனால் அதை நான்கு மாடித் துணிக்கடையின் நடுவில் நின்று கேட்கக் கூடாது.

பட்டில் கிடைத்த இந்தச் செல்வாக்கைத் தனக்குத் தெரியாத இடங்களுக்கும் அவர் எடுத்துச் செல்லும்போதுதான் வேடிக்கை. சுடிதார் மாடியில் போட்டுப் பார்க்கும் அறையின் கதவுக்கு அவரே காவல். பெண் வெளியே வந்ததும், "திரும்பு. கையைத் தூக்கு. கீழே உக்காரு" என்று ஒரு போலீஸ் தேர்வு நடக்கும். ஜீன்ஸையும் அதே பரீட்சைக்கு உட்படுத்துவார். அவர் வாழ்நாளில் ஜீன்ஸ் போட்டதில்லை.

செருப்புக் கடையில் நிலைமை இன்னும் மோசம். அத்தை காலில் கிடப்பது நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. வரவேற்புக்கு மூன்று அங்குலக் குதிகால் வேண்டும் என்கிறாள் பெண். அத்தையின் முதல் கேள்வி, "மாப்பிள்ளை எவ்ளோ உயரம்?" இரண்டாவது, "புடவைக்குக் கீழே யார் பாக்கப் போறா?" செருப்பை வாங்கி இரண்டாக மடக்குவார், பெருவிரலால் அடியை அழுத்துவார், முகர்ந்தும் பார்ப்பார். அடியில் 39 என்று இருக்கும்.

"அவ காலு ஆறு. நீ என்ன முப்பத்தொன்பது எடுத்துட்டு வந்திருக்கே?"

"ஆறுதான் மேடம். 39ங்கறது யூரோப் அளவு."

"காலு மாம்பலத்துக் காலு. நம்ம அளவுல காட்டு."

கடைசியில், "எதுக்கும் ஒரு சைஸ் பெருசாவே எடு, வளர்ற காலு" என்று முடிப்பார். பெண்ணுக்கு வயது 27.

2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான செருப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம் என்று ஆனதில் அத்தைக்குப் புதுப் பலம் வந்திருக்கிறது. 2,699 ரூபாய் ஜோடியைப் பெண் தொட்டவுடன், "அது கவர்மெண்டுக்குப் போற செருப்பு, வை கீழே" என்கிறார். 'ஒரே விலை' என்று சுவரில் எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்று, "கடைசியா என்ன தருவே?" என்று கேட்பவரும் இவரே. விலை குறையாவிட்டால் பரவாயில்லை, ஒரு கட்டைப்பையாவது வாங்காமல் இறங்க மாட்டார்.

இத்தனையும் ஒரு அத்தை வந்தால் நடப்பது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது என்ற வழக்கம் உள்ள குடும்பங்களில் இரண்டு அத்தைகள் வந்துவிடுகிறார்கள். எதிரெதிர் ஸ்டூல்கள். இருவரும் படு மரியாதை.

"உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க சம்பந்தி."

"அய்யய்யோ, நீங்க சொல்லுங்க. கட்டிக்கப் போறது உங்க வீட்டுப் பொண்ணு."

"உங்க வீட்டுக்கு வரப் போறவதானே."

இந்த உபசாரத்துக்குள்ளேயே மாம்பழ மஞ்சளும் வாடாமல்லியும் வெட்டுப்பட்டு விழுகின்றன. ஒருவர் 'நல்லாருக்கு' என்றால் மற்றவர் 'நல்லாத்தான் இருக்கு' என்பார். அந்த ஒரு 'தான்' போதும், புடவை மடிக்கப்பட்டுவிடும். விற்பனையாளர் தன் சீனியரைக் கூப்பிடுவார். சீனியர் காப்பி சொல்லுவார். மாப்பிள்ளையின் அப்பா படிக்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்துக் கண்ணயர்ந்திருப்பார்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அதுவரை வாயே திறக்காமல் நின்ற கல்யாணப் பெண்தான். கைப்பேசியை எடுத்து, பெங்களூரில் இருக்கும் தோழியை வீடியோவில் அழைத்து, புடவைக் குவியலின் மேல் கேமராவை ஓட்டுகிறாள். "டல்லா இருக்குடி. அந்த மூணாவது? ம்ஹூம். பின்னாடி பொம்மைக்குக் கட்டியிருக்கே, அது என்ன?" பொம்மையின் புடவை உருவப்படுகிறது. அதுவே முகூர்த்தப் புடவை. பகல் வெளிச்சமும் பார்க்கவில்லை, நகத்தால் சுரண்டவும் இல்லை. இரண்டு அத்தைகளும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வருகிறார்கள்: "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் துணி எடுக்கவே தெரியலை." அந்தத் தோழிக்கும் நாற்பது வயது ஆகும். அவளையும் யாராவது கடைக்குக் கூட்டிப் போவார்கள்.

மறுநாள் அத்தை பில்லோடு திரும்பி வருவார். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டுக்குப் போனதும் பிடிக்காமல் போவது குறையில் சேருமா என்று சட்டத்தில் தேட வேண்டாம், அத்தையின் அகராதியில் சேரும்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஸ்டூல்களும் வந்தன. எதிரே அத்தை உட்கார்ந்திருக்கும்வரை அதில் யாராலும் உட்கார முடிவதில்லை. ஒரு புடவை ஐந்தரை மீட்டர். 40 புடவை விரித்தால் 220 மீட்டர். அவ்வளவையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்கிய பிறகுதான் அந்த ஊழியர்கள் சாப்பிடப் போக முடியும். ஆகவே, அத்தையைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், பட்டில் ஏமாற மாட்டீர்கள். காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள்.