தேறாத கேஸ்களின் படை

படிப்பு ஏறவில்லையா, பட்டாளத்தில் சேர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் நம் வீட்டுத் தாய்மாமன்கள் காபியை உறிஞ்சிக்கொண்டே வழங்கும் தீர்ப்பு இது. பட்டாளத்திலும் தேறாவிட்டால் என்ன செய்வது என்று எந்த மாமனும் சொன்னதில்லை. அதற்குப் பட்டாளமே ஒரு வழி வைத்திருக்கிறது. விமானம் ஓட்டப் பழகப் போய்க் கை வராதவர்களில் சிலரைத் தரைப்பணிக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் விமானப்படையில் உண்டு. துப்பாக்கி சரிப்படாதவனுக்குக் கணக்குப் புத்தகம், கணக்கும் சரிப்படாதவனுக்குக் கரண்டி. இந்த டிரேடு மாற்றமெல்லாம் நேற்று வந்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் காஞ்சிபுரத்தின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை.

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் இட்லிக்கும் பேர் வாங்குவதற்கு முன்னால் படிப்புக்குப் பேர் வாங்கிய ஊர். கடிகை என்ற பெயரில் பெரிய கல்விச்சாலை இருந்தது. நாலா திசையிலிருந்தும் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். தேறியவர்கள் நூல் எழுதினார்கள், உரை எழுதினார்கள், உரைக்கு உரையும் எழுதினார்கள். தேறாமல் போனவர்களில் ஒருவன் ராஜ்யம் பிடித்தான்.

அவன் பெயர் மயூரசர்மன். 4ஆம் நூற்றாண்டு. ஊர் இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தா. வேதத்தை முழுசாகக் கரைத்துக் குடித்துவிட வேண்டுமென்று குரு வீரசர்மனோடு காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். வந்த இடத்தில், காஞ்சியை ஆண்ட பல்லவர்களின் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. குதிரை காலை மிதித்ததா, சேற்றை வாரி அடித்ததா, அல்லது அந்த வீரன் 'ஓரமாப் போ சாமி' என்று அதட்டினானா என்பதை அவன் கதையைச் சொல்லும் தாளகுந்தா கல்வெட்டு சொல்லவில்லை. தகராறு நடந்தது, பையனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. நம்மூரில் பெரிய சண்டைகளுக்கெல்லாம் காரணம் இந்த அளவில்தான் இருக்கும் என்பதால் நாமும் ரொம்பத் துருவ வேண்டாம்.

பையன் உட்கார்ந்து யோசித்தான். எத்தனை வேதம் படித்தாலும் குதிரைமேல் இருப்பவன்தான் உசத்தி என்றால் இந்தப் படிப்பு எதற்கு? அதுவரை தர்ப்பையும் சமித்தும் நெய்க்கரண்டியும் பிடித்துப் பழகிய கை வாளை உருவியது என்று குப்ஜர் என்ற கவிஞர் சமஸ்கிருதத்தில் எழுதியது தாளகுந்தா கல்தூணில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுமார் நூறு வருஷம் கழித்து, மயூரசர்மனின் வம்சத்தில் வந்த ராஜாவின் காலத்தில் எழுதியது. கொள்ளுப்பேரன்மார் சம்பளம் கொடுத்து எழுதச் சொன்னால் கோபம்கூட அழகாகத்தான் இருக்கும். வீரசர்மன் என்ன சொன்னார் என்பதற்குக் கல்வெட்டில் இடமில்லை. "டேய், இன்னும் பாடம் பாக்கி இருக்குடா" என்று பின்னாலேயே ஓடியிருப்பார்.

வாளை எடுத்தவன் நேரே அரண்மனைக்குப் போய்ச் சாகவில்லை. அந்த மட்டும் கடிகைப் படிப்பு உதவியிருக்கிறது. எல்லைக் காவலர்களைத் தட்டிவிட்டு ஸ்ரீசைலம் பக்கத்துக் காட்டில் புகுந்துகொண்டான். அக்கம்பக்கத்துப் பாணர்களிடம் கப்பம் வசூலித்தான். தேடி வந்த பல்லவப் படையைப் பகலில் கண்ணில் படாமல் இராத்திரியில் போய்ப் பதம் பார்த்தான். பேட்டை ரவுடியின் வரலாறு போலத் தெரிந்தால் அது உங்கள் பார்வைக் கோளாறு. ஜெயித்தவனுக்குக் கல்வெட்டு உண்டு, தோற்றவனுக்குத்தான் எஃப்.ஐ.ஆர்.

பல்லவர்கள் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பிடிக்க முடியவில்லை, விரட்டவும் முடியவில்லை. ஆகவே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். காஞ்சியிலிருந்து கோபித்துக்கொண்டு போன மாணவன் காஞ்சி ராஜாவுக்காகவே போர் செய்து நல்ல பேர் வாங்கினான். மேற்குக் கடல் வரைக்குமான நிலத்தைக் கொடுத்துத் தலையில் பட்டமும் கட்டிவிட்டார்கள். மாணவன், கலகக்காரன், படைத்தலைவன், அரசன் என்று டிரேடு மாறி, வனவாசியில் கதம்ப வம்சத்தை உட்காரவைத்தான். பிள்ளையின் பெயரில் சர்மன் போய் வர்மன் வந்துவிட்டது, கங்கவர்மன். கடிகையில் பாக்கி வைத்த பாடத்தை யாரும் அப்புறம் கேட்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர் பரஞ்சோதி. படித்தது ஆயுர்வேதம், வடநூல், படைக்கலம், யானையேற்றம் என்று ஒரு பெரிய பட்டியல். இத்தனையும் படித்தவருக்கு அமைந்தது தளபதி உத்தியோகம். 642 வாக்கில் பல்லவ ராஜா முதலாம் நரசிம்மவர்மனின் படை சாளுக்கியர்களின் வாதாபியைப் பொடிப்பொடியாக்கியபோது தலைமை ஏற்றவர் அவர்தான் என்பார்கள். வைத்தியம் படித்தவரை ஊரை அழிக்க அனுப்பியது எந்தத் தேர்வாணையம் என்று கேட்காதீர்கள். பெரியபுராணக் கதைப்படி, திரும்பி வந்த தளபதியின் யானைப்போரை ராஜா மெச்சிக்கொண்டிருக்கும்போது, இவர் பழுத்த சிவனடியார் என்று அமைச்சர்கள் மெல்லச் சொன்னார்கள். ராஜா பதறிப்போனார். அடியாரையா யுத்தத்துக்கு அனுப்பினேன், ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை என்று கையைப் பிசைந்து, பொன்னும் பொருளும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார். ஜெயித்த கையோடு கட்டாய ஓய்வு வாங்கிய ஒரே தளபதி இவராகத்தான் இருப்பார். செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் ஆன பிறகு அவர் வீட்டில் நடந்த சமையலைச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது, விட்டுவிடுவோம். கல்கி 'சிவகாமியின் சபதம்' எழுதியபோது பரஞ்சோதியைக் காஞ்சிக்குப் படிக்கத்தான் அனுப்பினார். பையன் வந்த முதல் நாளே யானைமேல் வேலை எறிந்து சிறைக்குப் போனான். காஞ்சி என்றால் படிப்பு பாதியில் நிற்கும் என்பது கல்கிக்கும் தெரிந்திருக்கிறது.

ராஜாக்களை விடுங்கள். இந்த ஊரில் டிரேடு மாற்றத்தை மானமாகச் செய்தவர்கள் தறிக்காரர்கள். சோழர் காலத்தில் கைக்கோளர் படை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்ற பெயரோடு படைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன. பகலில் பாவு, போர் வந்தால் ஈட்டி. செங்குந்தர் என்ற அவர்களின் இன்னொரு பெயரிலேயே ஈட்டி இருக்கிறது. சோழர்கள் போனார்கள், படைச் சம்பளம் நின்றது, தறி மட்டும் நிற்கவில்லை.

பட்டாளத்து டிரில்லெல்லாம் பெரிசு என்பவர்கள் ஒரு நாள் காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்க் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்க்க வேண்டும். குழித்தறியில் நெசவுக்காரர் காலை உள்ளே விட்டு உட்கார்ந்திருப்பார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்குத் தனி நாடா ஓட்ட, பக்கத்தில் இன்னொரு ஆள். உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்க வேண்டும். ஒரு இழை தப்பினாலும் கரை அங்கே பல்லைக் காட்டும். பெரியவர் மிதியை அழுத்துகிறார், பையன் நாடாவைத் தள்ளுகிறான், பேச்சே இல்லை. பையன் தப்பு செய்தால் அவர் திட்டுவதுகூட இல்லை, கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பார். எந்த சுபேதாரின் கத்தலும் அந்தப் பார்வைக்கு உறைபோடக் காணாது. இந்தப் பயிற்சி ஒத்துவராத பிள்ளைகள் இன்று ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்?

கடைசியாக, இந்த வரிசையில் வந்த மகா தேறாத கேஸ்: ராபர்ட் கிளைவ்.

1725இல் பிறந்தான். பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தும் எதிலும் ஒட்டவில்லை. மார்க்கெட் டிரேட்டன் ஊரில் தேவாலயக் கோபுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது ஒரு சாதனை. பையன்களைச் சேர்த்துக்கொண்டு, 'ஜன்னல் உடையாமல் இருக்க வேண்டுமா, காசு எடு' என்று கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கியது இன்னொன்று. பின்னால் ஒரு தேசத்திடமே அதைச் செய்யப்போகிறவனுக்கு நல்ல ஒத்திகைதான். அப்பா தாங்க முடியாமல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலை வாங்கி மெட்ராசுக்குக் கப்பல் ஏற்றினார். சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. கப்பல் பிரேசிலில் தரை தட்டி மாதக்கணக்கில் நின்றது. பையன் அங்கே போர்த்துகீசு மொழி கற்றுக்கொண்டு 1744இல் வந்து இறங்கினான். துணி மூட்டை எண்ணி லெட்ஜரில் எழுதும் வேலையை அவன் எத்தனை ஆசையாகச் செய்திருப்பான் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராசைப் பிடித்தபோது, நம்மூர் ஆள் போல வேஷம் கட்டிக்கொண்டு கடலூர் பக்கத்துக் கோட்டைக்குத் தப்பினான். 1747இல் கொடியதிகாரி உத்தியோகம். தேவிக்கோட்டைச் சண்டையில் பேர் வாங்கினான். சரி, பட்டாளம்தான் இவனுக்கு என்று முடிவுக்கு வரும் நேரத்தில், சண்டை ஓய்ந்ததும் மறுபடி சிவிலுக்குத் தாவினான், படைக்கு அரிசியும் ஆடும் சப்ளை செய்யும் பொறுப்புக்கு. துப்பாக்கியைவிடக் கமிஷன் நன்றாகச் சுட்டது. காசு சேர்ந்தது. 1751இல் மீண்டும் பட்டாளம், இந்த முறை கேப்டன்.

பிரெஞ்சுப் பக்கத்தார் கையில் இருந்த ஆற்காட்டைப் பிடிக்கக் கிளம்பிய படை இதுதான்: 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், 8 அதிகாரிகள். அந்த எட்டில் ஆறு பேர் அதற்கு முன் சண்டையே பார்த்ததில்லை. அந்த ஆறில் நாலு பேர் கம்பெனிக் குமாஸ்தாக்கள். ஆகஸ்ட் கடைசியில் காஞ்சிபுரத்தில் தங்கி, எதிரிப்படை தன் படையைப்போல இரண்டு மடங்கு என்று கேள்விப்பட்டு, மெட்ராசுக்குப் பெரிய பீரங்கி கேட்டு ஆள் அனுப்பிவிட்டு நடந்தான். இடி, மின்னல், கொட்டுகிற மழை. நிற்கவில்லை. இந்த மழையில் நடந்து வருகிறானே, இவன் சாதாரண ஆள் இல்லை என்று ஒற்றர்கள் ஓடிப்போய்ச் சொல்ல, ஆற்காட்டுக் கோட்டையில் இருந்தவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளைகளுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. அதன்பின் ஐம்பது நாள் முற்றுகை, அதையும் தாக்குப்பிடித்தான்.

டிசம்பரில் மறுபடி காஞ்சி. பிரெஞ்சுப் பக்கத்துப் படை கோயிலுக்குள் புகுந்துகொண்டு அதைக் கோட்டையாக்கி வைத்திருந்தது. ரெவல், கிளாஸ் என்று இரண்டு ஆங்கில அதிகாரிகள் அவர்களிடம் கைதி. தாக்கினால் இந்த இருவரையும் மதில்மேல் நிறுத்துவோம் என்று மிரட்டல். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, சுடு என்று அந்த இருவரும் சொல்லி அனுப்ப, கிளைவ் துளியும் கவலைப்படவில்லை. பெரிய பீரங்கிகள் சில நாள் மதிலை இடித்தன. உள்ளே இருந்தவர்கள் ஒரு ராத்திரியில் கைதிகளை விட்டுவிட்டு நழுவினார்கள். பீரங்கி வைத்தவன் பேரில் இந்த ஊரில் ஒரு நகையும் உண்டு: கருடசேவையில் வரதராஜப் பெருமாள் சாற்றிக்கொள்ளும் மகரகண்டி கிளைவ் கொடுத்தது என்று சொல்வார்கள். யார் காசில் வாங்கினான் என்று பெருமாள் கேட்டதாகத் தலபுராணம் இல்லை. இவனுக்கு ராணுவக் கல்வி என்று எதுவும் கிடையாது என்று மேலதிகாரி ஸ்டிரிங்கர் லாரன்ஸே எழுதிவைத்தார், அதுவும் பாராட்டாக.

1753இல் சேர்த்த காசோடு ஊர் திரும்பியவன் இன்னொரு டிரேடும் முயன்றான்: அரசியல். பணத்தை இறைத்துத் தேர்தலில் ஜெயித்தான். 1755இல் அந்த வெற்றி செல்லாது என்று நாடாளுமன்றம் வெளியே தள்ளியது. கை காலியான கிளைவ் மறுபடி கம்பெனியின் வாசலில் நின்றான். 1756 ஜூனில் கடலூரில் வந்து இறங்கினான், அடுத்த வருஷம் பிளாசி. கார்ன்வால் பக்கத்து ஒரு சின்னத் தொகுதியின் ஓட்டுக் கணக்கில் இங்கிலாந்து அத்தனை கறாராக இருந்திருக்க வேண்டாம் என்று பிளாசியில் தோற்ற வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா நினைத்திருப்பார்.