பப்மெட்டில் தமிழர் எங்கே? – கிளென்ஃபீல்ட் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் செவிலியர். வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை படிக்கிறேன். நியூசிலாந்துத் தமிழரிடையே சர்க்கரை நோய் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தமிழ், நியூசிலாந்து, நீரிழிவு என்று ஆங்கிலத்தில் தட்டினால் கையை விரிக்கிறது. இந்த ஊருக்கு வந்ததும் நமக்குச் சர்க்கரை போய்விட்டதா? – வாசகி, கிளென்ஃபீல்ட், ஆக்லாந்து

பதில்: போகவில்லை, வேறு பெயரில் இருக்கிறது. நியூசிலாந்துப் புள்ளிவிவரத் துறையின் இனப் பட்டியலுக்கு நான்கு படிகள். 'இந்தியத் தமிழர்', 'இலங்கைத் தமிழர்' இருவருமே கடைசிப் படியில்தான் தெரிவார்கள். மேலே ஏற ஏற முதலாமவர் 'இந்தியர்' ஆகிறார், இரண்டாமவர் 'இலங்கையர்' ஆகிப் 'பிற ஆசியர்' கூட்டத்தில் கலக்கிறார். உச்சியில் இருவரும் வெறும் 'ஆசியர்'. ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் மேல்படிகளிலேயே நின்றுவிடும்.

ஆகவே மூன்று அடைப்புக்குறிகள் போடுங்கள். முதலில் மக்கள்: தமிழ், இந்தியர், இலங்கையர், தெற்காசியர் ஆகிய சொற்களை 'ஆர்' (அல்லது) போட்டுக் கோத்துவிடுங்கள். அடுத்து இடம்: நியூசிலாந்து, ஆவோடியரோவா, ஆக்லாந்து. மூன்றாவது நோய். இதில் இரண்டு வழியும் வேண்டும்: பப்மெட்டின் பொருள் தலைப்பு அகராதியான மெஷ்ஷில் இருக்கும் 'டயாபடீஸ் மெலிட்டஸ், டைப் 2' என்ற தலைப்பு, கூடவே சாதாரணச் சொற்கள். எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்பு ஒட்டியிருக்காது, அதனால்தான். மூன்று அடைப்புகளையும் 'ஆண்ட்' (மற்றும்) போட்டு இணையுங்கள். ஆர், ஆண்ட் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்.

தேடிய வரியையும் தேதியையும் அப்படியே எடுத்து வையுங்கள். மேற்பார்வையாளர் நிச்சயம் கேட்பார். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: 'இந்தியர்' என்று கிடைத்த எண்ணைத் 'தமிழர்' என்று எழுதுவது. அந்த எண்ணுக்குள் பஞ்சாபியும் குஜராத்தியும் ஃபிஜி இந்தியரும் இருக்கிறார்கள். தமிழருக்குத் தனிக் கணக்கு கிடைக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் மிக முக்கியமான வரி அதுவாகவே இருக்கலாம்.

கேள்வி: மூன்று தரவுத்தளங்களில் தேடி மூன்றையும் இறக்கினேன். ஒரே கட்டுரை மூன்று தடவை வந்து நிற்கிறது. அழித்துவிடலாமா? – மாணவர், ஆல்பனி

பதில்: முதலில் எண்ணுங்கள், பிறகு இணையுங்கள். பப்மெட் 'என்பிஐபி' கோப்பாகத் தரும், மற்றவை பெரும்பாலும் 'ஆர்ஐஎஸ்' தரும். ஒவ்வொன்றையும் தனிக் கோப்புறையில் இறக்கி, எதில் எத்தனை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளைத் தேடி வடிகட்டியதைக் காட்டும் பிரிஸ்மா படத்தில் முதல் கட்டமே அந்த எண்கள்தான். அதன் பிறகு மேற்கோள் மென்பொருளான ஸோடெரோவின் 'இரட்டைப் பதிவுகள்' பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒன்றாக்குங்கள். மாநாட்டுச் சுருக்கமும் முழுக் கட்டுரையும் ஒரே தலைப்பில் வருவது உண்டு. அவை இரட்டையர் அல்ல, அண்ணன் தம்பி.

கேள்வி: மேற்கோள்களைச் சேர்த்துவைக்க மகளுக்கு எண்ட்நோட்டா, ஸோடெரோவா? – ஒரு தந்தை, கிளென்ஃபீல்ட்

பதில்: ஸோடெரோ. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இலவசம். படிப்பு முடிந்து பல்கலைக்கழக உரிமம் போனாலும் சேர்த்தது கையிலேயே இருக்கும். பெரிய ஆய்வுக் குழுவில் எல்லாரும் எண்ட்நோட் வைத்திருந்தால் மட்டும் அவர்களோடு போகட்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பத்து மேற்கோள் எடுத்துக் கொடுத்தது. அப்படியே ஏற்றிவிடட்டுமா? – பெயர் வேண்டாம் என்கிறவர்

பதில்: கூடாது. ஒவ்வொரு கட்டுரையின் அடையாளமான டிஓஐ எண்ணையும் ஸோடெரோவில் இருக்கும் மந்திரக்கோல் பொத்தானில் இடுங்கள். இல்லாத கட்டுரை வராது. எண் உண்மையாகவும் தலைப்பு பொய்யாகவும் இருந்தால் வேறு கட்டுரை வந்து நிற்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் சிவப்பு எச்சரிக்கை காட்டும். 2019 முதல் அந்த வசதி இருக்கிறது.

கேள்வி: என் பெயரை மென்பொருள் தலைகீழாக்குகிறது. ஊரில் 'எம். கவிதா', இங்கே 'கவிதா முருகேசன்'. மேற்கோளில் நான் யார்? – ஆய்வாளர், நார்த்கோட்

பதில்: இப்போதைக்கு நீங்கள் இரண்டு பேர், அதுதான் சிக்கல். இறக்கிய ஆர்ஐஎஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். 'டிஒய்' என்று தொடங்கி 'ஈஆர்' என்று முடியும் பதிவுக்குள் 'ஏயூ' என்றொரு வரி இருக்கும். அதில் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதெல்லாம் குடும்பப் பெயர் என்பது மென்பொருளின் நம்பிக்கை. நமக்கு அங்கே அப்பா உட்கார்ந்திருப்பார், சில சமயம் ஊர். நூலகவியலின் எஸ். ஆர். ரங்கநாதனுக்கு 'எஸ்' சீர்காழி, 'ஆர்' அப்பா. அவர் பெயர் கடைசியில் நின்றதால் தப்பித்தார். அப்துல் கலாமைச் சில பட்டியல்கள் 'கலாம்' என்று வெட்டி, 'அப்துல்'லை முதலெழுத்துகளோடு சேர்த்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆய்வாளருக்கான அடையாளமான ஆர்கிட் எண் வாங்குங்கள்: பதினாறு இலக்கம், இலவசம், 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய பெயரில் வந்த கட்டுரைகளையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். இனி வருவதற்கெல்லாம் ஒரே பெயர் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய நூல்களை ஸோடெரோவில் ஏற்றும்போது ஆசிரியருக்கு ஒற்றைக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பெயர் உடையாமல் நிற்கும். இறக்குமதியான கோப்பில் இன்னொரு தமிழர் பெயர் உடைந்து கிடந்தால், அவருடைய கட்டுரையைத் திறந்து பார்த்து அதையும் சரிசெய்துவிடுங்கள்.