‘எல்லாம் பாத்தாச்சு’: தங்கச்சிமடத்துப் பழைய கார்களை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

பழைய கார் விற்பவர் வாயில் முதலில் வரும் வாக்கியம் ‘எல்லாம் பாத்தாச்சு’. இலக்கணிகள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்புக்குரியது. செயப்படுபொருள் இருக்கிறது, இறந்தகாலம் இருக்கிறது, எழுவாயைத்தான் காணோம். தோன்றா எழுவாய் என்பார் உளர். தப்பியோடிய எழுவாய் என்பதே எம் துணிபு.

களஆய்வுக்கு எடுத்துக்கொண்டது டிஎன் 65-இல் தொடங்கும் ஒரு டீசல் இண்டிகா. “டைமிங் பெல்ட் மாத்தியாச்சா தம்பி?” என்றேன். “அதெல்லாம் பாத்தாச்சுண்ணே” என்றார். நான் கேட்டது மாற்றியதை. அவர் சொன்னது பார்த்ததை. நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பிரித்தார். இது எதில் சேரும் என்று யோசித்துக்கொண்டே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

தெரிந்த மெக்கானிக் பானட்டைத் திறந்தார். அந்தப் பெல்ட் ஒரு பல் வைத்த ரப்பர் பட்டை, அவ்வளவுதான். கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் தாளம் தப்பாமல் சுற்ற வைப்பது அதன் வேலை. அறுந்தால் வால்வு திறந்தபடி நிற்கும், மேலேறி வரும் பிஸ்டன் அதை இடிக்கும். “ஓட்டுனா அறுந்துரும்ணே” என்றார் மெக்கானிக். இது உறுவது கூறல், நூலில் இருக்கிறது.

அடுத்து தரைவிரிப்பைத் தூக்கினோம். மல்லிகை நாற்று ஏற்றிய செம்மண், அதன் கீழே துரு, துருவுக்கும் கீழே சாலை. தங்கச்சிமடம் இருக்கும் தீவின் உப்புக்காற்று யார் பாத்தாச்சு என்றாலும் நம்பாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை ஆயுள் முழுக்கச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். அப்படியிருந்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் திறக்க வேண்டி வந்தது. இண்டிகாவுக்கோ அடித்தது ஒரே ஒரு கோட், அதுவும் விற்பதற்கு முந்தின வாரம்.

பெல்ட்டை அடுத்த மாதம் மாற்றலாம் என்றிருந்தேன். ஆய்வாளனுக்கும் கஞ்சத்தனம் உண்டு. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு உச்சியில், டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுக்கும் இடத்தில், வண்டி நின்றது. சத்தமே இல்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு விற்றவருக்குப் போன் போட்டேன்.

“பெல்ட் அறுந்துருச்சு தம்பி.” உற்றது உரைத்தல்.

“அப்ப மாத்திருங்கண்ணே.” ஏவல்.